காட்டுப்பாக்கத்து வளைவு

அத்தியாயம் பதினான்கு

பறங்கிமலை ரயில் நிலையத்திலிருந்து போரூர், காட்டுப்பாக்கம் வழியாகப் பூந்தமல்லி வரை ஒன்பது மைலுக்கு எலெக்ட்ரிக் டிராம் விடுவதென்று 1926-ஆம் வருஷம் ஒரு யோசனை கிளம்பியது. அந்த யோசனைக்காகத் தசரத நாயகர் செருப்புத் தேய நடந்ததையும், அவர் மகன் நாகேந்திரன் கண் பூத்துப்போகப் படம் வரைந்ததையும் முதலிலிருந்தே கூட வருகிறவர்கள் அறிவார்கள். இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

டிராமுக்கு ஏழு லட்சம் ரூபாய் வேண்டும். பாதியைக் கம்பெனி பங்கு விற்றுத் திரட்டிக்கொள்ளும். மறுபாதியை ஜில்லா போர்டு கடன் வாங்கித் தரும். அந்தக் கடனின் வட்டிக்காக, வழியிலுள்ள பதினொரு கிராமங்களும் ஒரு ரூபாய் தீர்வைக்கு மூன்று தம்படி வீதம் கூடுதல் வரி கட்டச் சம்மதிக்க வேண்டும். ஒரு கிராமம் பின்வாங்கினாலும் போர்டு கையை விரித்துவிடும். பூந்தமல்லி யூனியன் மெம்பரான தசரத நாயகர் ஏழு மாதம் ஊர் ஊராக அலைந்து அந்தச் சம்மதத்தைச் சேர்த்திருந்தார்.

கம்பெனியின் பூந்தமல்லி ஆபீசில் படம் வரையும் உத்தியோகம் பார்த்த நாகேந்திரன், அந்த ஏழு மாதத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தான். முதலில் போட்ட கோடு, காட்டுப்பாக்கத்தில் அவன் அக்கா பூங்காவனம் வாழ்க்கைப்பட்ட வீட்டின் மேலேயே போனது. அதை அறுபது அடி வடக்கே தள்ளி, தாங்கல் ஏரிக்கரை ஓரமாக வளைத்துவிட்டான். அதனால் இரண்டு சிறு பாலங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டிவந்தது. எஞ்சினியர் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொண்டார். அக்காவிடம்கூட நாகேந்திரன் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ததில் அவனுக்கு ஒரு தனித் திருப்தி.

திங்கட்கிழமை எஞ்சினியர் அந்தப் படத்தைத் தகரக் குழாயில் போட்டுப் பட்டணத்துக்கு எடுத்துப் போனார். சனிக்கிழமை காலை, கூட்டம் தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்புதான் அது திரும்பி வந்தது.

பூந்தமல்லிச் சத்திரத்துக் கூடத்தில் பதினொரு ஊர்க்காரர்களும் நிரம்பியிருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் தூண்களில் சாய்ந்து நின்றார்கள். ஜில்லா போர்டின் சார்பில் ஒரு ராவ்பகதூர் வந்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். முன் வரிசையில் தசரத நாயகர், சலவை வேட்டியும் சரிகை அங்கவஸ்திரமுமாக, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்று ஆள் தள்ளி, பூங்காவனத்தின் புருஷன் கோவிந்தசாமி.

நாகேந்திரனுக்குக் கொடுத்த வேலை சுலபமானது. எஞ்சினியர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, அவன் சுவரில் தொங்கிய படத்தின் சிவப்புக் கோட்டை மூங்கில் குச்சியால் தொட்டுக்கொண்டே தமிழில் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்த சர்வே நம்பர், யார் பட்டா. ஏழு மாதமாகப் போட்ட கோடு. அவன் படத்தைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே போரூரைத் தாண்டினான்.

காட்டுப்பாக்கத்தில் அவன் கை பழக்கத்தில் வடக்கே போயிற்று. குச்சியின் முனை வெறும் தாளில் நின்றது.

திரும்பிப் பார்த்தான். அங்கே கோடு இல்லை. ஐந்து தாள்களை ஒட்டிச் செய்த படத்தில் மூன்றாவது தாள் மட்டும் புதியதாக இருந்தது. சிவப்புக் கோடு ஏரிக்கரைப் பக்கமே போகாமல் நேராக வந்து, நூற்றுப்பதினாலில் இரண்டு என்று எழுதிய கட்டத்தை நடுவில் பிளந்துகொண்டு போயிற்று. படத்தின் கடைசி மூலையில், எப்போதும்போல், அவனுடைய கையெழுத்து.

எஞ்சினியர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ராவ்பகதூர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். நாகேந்திரன் படத்தில் இருந்ததையே படித்தான்.

“காட்டுப்பாக்கம். சர்வே நம்பர் நூற்றுப்பதினாலில் இரண்டு. நாற்பது சென்ட் மனையும் அதிலுள்ள ஓட்டு வீடும். பட்டாதார், கோவிந்தசாமி நாயகர் மனைவி பூங்காவனம்.”

கூடத்தில் யாரோ தும்மினார்கள்.

கோவிந்தசாமி எழுந்தான். சண்டைக்காரன் அல்ல அவன், நிதானமாகப் பேசுகிறவன். அந்த நிதானத்தோடுதான் பேசினான்.

“மச்சான், உனுக்கு என் மேல கோவம் இருந்தா நேரா ஊட்டுக்கு வந்து ரெண்டு அறை குடுத்திருக்கலாம். நான் வாங்கிகினு போயிருப்பேன். அதுக்குன்னு உன் அக்கா தலை மேலியே டிராம் உடுவியா?”

கோபத்துக்குக் காரணம் என்னவென்று கூடத்திலிருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூங்காவனத்துக்குப் பிள்ளை இல்லையென்று கோவிந்தசாமி மூன்று வருஷத்துக்கு முன் முனியம்மா என்றொருத்தியை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பழிவாங்க மைத்துனன் கோட்டை வளைத்துவிட்டான் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. காட்டுப்பாக்கத்துக்காரர்கள் பதினைந்து இருபது பேர் எழுந்து, கூடுதல் வரிக்குத் தாங்கள் கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். தமிழ் தெரியாத எஞ்சினியருக்கு என்ன தகராறு என்றே விளங்கவில்லை.

தசரத நாயகர் மகனிடம் வந்தார்.

“இன்னாடா பண்ணிவெச்சே?” என்றார் மெதுவாக.

தான் வரைந்தது இதல்ல என்று நாகேந்திரன் சொன்னான். நாயகர் மூலையிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார்; அவனைப் பார்த்தார். ராவ்பகதூர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, நாலு மணிக்கு மறுபடி கூடலாம், அதற்குள் காட்டுப்பாக்கம் சமாதானமாகாவிட்டால் கடன் வாங்க வழியில்லையென்று போர்டுக்கு எழுத வேண்டியிருக்கும் என்று அறிவித்தார்.

சத்திரத்துக் கொல்லையில், கிணற்றடியில், சர்வேயர் பஷீருதீன் அவனைப் பிடித்தார். ஏழு மாதமும் வெயிலில் நின்று மட்டம் பார்த்தவர் அவர்தான். போரூரில் எஞ்சினியர் தங்கும் முகாம் பங்களாவிலேயே அவருக்கும் ஜாகை. நாகேந்திரன் அவர் சட்டையைப் பற்றி, மூன்றாவது தாளை மாற்றியது யார் என்று கேட்டான். பஷீருதீன் கையை விலக்கவில்லை. படிக்கல்லில் அவனை உட்காரவைத்த பிறகே பேசினார்.

போரூர் பங்களாவுக்குத் தினமும் தயிர் ஊற்ற ஓர் அம்மாள் வருவாளாம். ஊற்றிவிட்டுப் போகாமல், வராந்தாவில் விரித்திருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். இது என்ன கோடு, இது மேலே போனால் என்ன ஆகும், பணம் யார் கையில் கொடுப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. போன ஞாயிற்றுக்கிழமை தயிர்ப் பானையை இறக்கிவைத்து, இடுப்பிலிருந்து ஒரு மனுவை எடுத்து எஞ்சினியரிடமே கொடுத்துவிட்டாள். பஷீருதீன்தான் அதை இங்கிலீஷில் சொன்னார். டிராம் பாதையைத் தன் மனை மேல் விட வேண்டும்; சர்க்கார் மதிப்புப் போடுகிற விலைக்குத் தகராறில்லாமல் எழுதிக்கொடுக்கச் சம்மதம். இரண்டு பாலச் செலவு மிச்சமாகிறதே என்று எஞ்சினியர் அப்போதே ஒப்புக்கொண்டு, பட்டணத்துக்குப் போனதும் மூன்றாவது தாளைப் புதிதாக வரையச் செய்தார்.

“கீழே கையெழுத்தைப் படிச்சப்பதான் தம்பி எனக்கே தெரிஞ்சுது, அது உன் அக்கான்னு” என்றார் பஷீருதீன்.

நாகேந்திரன் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அக்கா தயிர் விற்கிறாளா? எட்டு மாடும் நாலு காணி நிலமும் உள்ள வீட்டு மருமகள் பானையைச் சுமந்துகொண்டு போரூருக்கு நடக்கிறாளா? ஏன் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவரைக் கேட்டான்.

அவள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாளாம். பஷீருதீன் அவள் சொன்னதை அப்படியே சொன்னார்: “தம்பிக்குத் தெரிஞ்சா என்னைக் காப்பாத்துறேன்னு மறுபடியும் கோட்டை மாத்திடும் பாய்.”

கம்பெனி சைக்கிளை எடுத்துக்கொண்டு நாகேந்திரன் காட்டுப்பாக்கத்துக்குப் போனபோது உச்சி வெயில். அந்த வீட்டுக்கு அவன் எத்தனையோ முறை போயிருக்கிறான். ஆனால் ஒவ்வொரு முறையும் இன்ன நாள் வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டு, சீர்த்தட்டோடு போவான். அக்கா பட்டுப்புடவை கட்டிக் கூடத்தில் நின்று வரவேற்பாள். சொல்லாமல் போனது இதுதான் முதல் தடவை.

வாசலில் முனியம்மா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் அவள் முகம் மாறிவிட்டது. உள்ளே ஓடிப்போய்க் கூப்பிடுவதா, வேண்டாமா என்று தவித்துவிட்டு, “அக்கா பின்னால கீறாங்க” என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

பின்னால் மாட்டுக் கொட்டகை. அதில் பாதியை ஓலைத் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். மறைப்புக்கு அந்தப் புறம் ஒரு கயிற்றுக் கட்டில், மூன்று செங்கல் வைத்த அடுப்பு, ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டிக்குள், அவன் பார்த்துப் பழகிய அதே பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் இருந்தது. பூங்காவனம் மூடியைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தவள், நிழல் விழுந்ததைக் கண்டு நிமிர்ந்தாள். தம்பியைப் பார்த்து அவள் திடுக்கிடவில்லை. உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தாள்.

எத்தனை நாளாக இங்கே என்று அவன் கேட்டான். முனியம்மாவுக்குச் சீமந்தம் ஆனதிலிருந்து என்றாள். வாரிசு சுமக்கிறவளுக்கு உள்ளே இடம் வேண்டும் என்று மாமியார் சொன்னாளாம். சாப்பாடு தனி, அடுப்புத் தனி. முனியம்மாவை அவள் குறை சொல்லவில்லை. மாமியார் அசந்த நேரத்தில் குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறவள் அவள்தானாம்.

“இந்த மனை உன் பேர்ல கீது அக்கா. நம்ம ஊட்டுல சீதனமா குடுத்தது. நீ வித்துட்டுக் கெளம்பியிருக்கலாமே.”

பூங்காவனம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: “எவன் வாங்குவான் தம்பி? ஏழு பேரு உள்ள குந்திகினு கீற மனையை எவன் வாங்குவான்? என்னால விக்க முடியாது. அவுங்களை வெளிய போவச் சொல்லவும் முடியாது. டிராமால முடியும்.”

நாகேந்திரனுக்குத் தான் அறுபது அடி வளைத்த கோடு நினைவுக்கு வந்தது. இந்தக் கொட்டகையிலிருந்து அக்கா வெளியேற ஒரு வழி பிறந்தபோது அதை அடைத்தவன் தானேதான். அவன் உதடு கோணிக்கொண்டு அழுகை வந்தது. ஏன் சொல்லவில்லை, நைனாவிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டான். தெரிந்திருந்தால் அவர் பூந்தமல்லியையே திரட்டிக்கொண்டு வந்திருப்பாரே என்றான்.

பூங்காவனம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். அவன் விடவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, வேறு யாரோ வீட்டுக் கதையைச் சொல்வது போல் சொன்னாள்.

“முனியம்மாளுக்குத் தாம்பூலம் மாத்துன அன்னிக்கு, எங்க ஊட்டுக்காரருக்குப் பக்கத்துல நின்னு சம்மதம் குடுத்ததே நைனாதான் தம்பி.”

அந்த வருஷம் யூனியன் எலெக்ஷன். காட்டுப்பாக்கத்து ஓட்டு முழுக்கக் கோவிந்தசாமியின் பங்காளிகள் கையில். பெண்ணைப் பெற்றவர் ஆட்சேபிக்கவில்லை என்றால் ஊரில் பேச்சு வராது என்று அவர்கள் கேட்டார்கள். நாயகர் சம்மதித்தார். அறுபத்திரண்டு ஓட்டு விழுந்தது. அம்மாவுக்கும் தெரியும். நாகேந்திரனுக்குத் தெரியக்கூடாது என்று மட்டும் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டார்கள்.

நாகேந்திரன் மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். கோவிந்தசாமி இரண்டாம் தாரம் கட்டிய செய்தி வந்த அன்று நைனா சாப்பிடாமல் படுத்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான். அவமானம் தாங்காமல் படுத்திருக்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறியிருக்கிறான்.

அவன் வந்ததும் சொல்லியிருந்த நாலு மணிக் கூட்டத்தை ஞாபகப்படுத்தியது பூங்காவனம்தான். முகம் கழுவிக்கொண்டு, பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து முந்தானையில் முடிந்தாள். பட்டுப்புடவையை எடுக்கவில்லை. சாணிக் கறை படிந்த நூல் புடவையோடேயே வெளியே வந்தாள்.

சத்திரத்துக் கூடத்தில் வேறு பெண்பிள்ளை இல்லை. பூங்காவனம் உள்ளே வந்தபோது ஆண்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். தசரத நாயகர் எழுந்து பாதி நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய் ராவ்பகதூர் மேஜை மேல் பட்டாவை வைத்தாள்.

யாருடைய கட்டாயமும் இல்லாமல்தான் கொடுக்கிறாயா, வீட்டை ஏன் இழக்கச் சம்மதிக்கிறாய் என்று ராவ்பகதூர் கேட்டார். இந்தக் கேள்விக்கு அவள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நாயகரின் விரல்கள் அங்கவஸ்திரத்தின் சரிகையைப் பிய்த்துக்கொண்டிருந்தன. நாகேந்திரன் அதைப் பார்த்தான்.

“அது என் மனைங்க. அதுல டிராம் போவட்டும்” என்றாள் பூங்காவனம். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டைக் கட்டியது தன் பணத்தில், நஷ்டஈட்டில் தனக்கும் பாத்தியதை உண்டு, கோர்ட்டுக்குப் போவேன் என்று கோவிந்தசாமி சொன்னான். அது கோர்ட் பார்த்துக்கொள்ளும், மனைக்கு உடையவளே கொடுக்கிறபோது அதைக் காரணம் காட்டி ஊர் பின்வாங்க முடியாது என்றார் ராவ்பகதூர். பிறகு கை தூக்கச் சொன்னார். பத்து ஊர்க் கைகளும் எழுந்தன. காட்டுப்பாக்கத்தில் முதலில் ஒரு கிழவர் தூக்கினார். அப்புறம் ஒன்றிரண்டாகப் பாதிக்கு மேல் தூக்கினார்கள். ஜில்லா போர்டின் கடனுக்குச் சிபாரிசு செய்வதாக ராவ்பகதூர் எழுதிக் கையெழுத்திட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். டிராமுக்காக உழைத்தவர் என்று தசரத நாயகருக்கு மாலை போட்டார்கள். மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த அப்பாவை நாகேந்திரன் கண் இமைக்காமல் பார்த்தான். இந்த மனிதரை இருபத்தெட்டு வருஷமாகத் தெரியும் என்று நினைத்திருந்தான்.

வாசற்படியில் கோவிந்தசாமி அவர்களுக்காகக் காத்திருந்தான். இப்போதும் அதே நிதானம்.

“படம் தாள்லதான் கீது மச்சான். தண்டவாளம் வர ரெண்டு வருசம் ஆவும். அதுவரைக்கும் உன் அக்கா எங்க இருக்கும்? எங்க ஊட்டுக் கொட்டாயில எடம் இல்ல.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாகேந்திரன் திரும்பினான். பின்னாலேயே மாலையும் கழுத்துமாக நாயகர் வந்திருந்தார், கேட்டிருந்தார். அக்கா நம் வீட்டில் இருக்கட்டும் என்று நாகேந்திரன் அவரிடம் சொன்னான். கேள்வியாக அல்ல, முடிவாகவே சொன்னான்.

நாயகர் மகளைப் பார்க்கவில்லை. எதிரே தெரிந்த தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். “பதினோரு ஊர் ஆம்பளைங்க நடுவுல வந்து நின்னவளை என் ஊட்டுல சேர்த்தா, நாளைக்கு நான் எந்த மூஞ்சோட ஊருக்குள்ள போவேன்? என் ஊட்டுக்கு வேணாம்.”

தாம்பூலம் மாற்றிய முகத்தோடு போங்கள் என்று நாகேந்திரனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பூங்காவனம் அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அவன் அவளோடு படியிறங்கினான்.

சாலையில் இறங்கியதும் இருவரும் நின்றுவிட்டார்கள். புளியமரத்தடியில் கன்னியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவர்களைப் பெற்றவள். வீட்டைவிட்டுத் தனியாகக் கடைத்தெருவுக்குக்கூட வராதவள். மகள் கூட்டத்தில் வந்து நின்ற செய்தி அதற்குள் வீடுவரை எட்டியிருக்க வேண்டும். அவள் இடுப்பில் ஒரு துணி மூட்டை, கையில் சோற்றுச் சட்டி.

அவள் மகளிடம் வந்து, முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள். “நான் அன்னிக்கே வந்திருக்கணும்டீ” என்றாள்.

சத்திரத்துப் படியிலிருந்து தசரத நாயகர், “கன்னியம்மா” என்று கூப்பிட்டார். அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்து நாகேந்திரன் இதுவரை கேட்டதில்லை. அவள் திரும்பவில்லை.

“எந்தப் பக்கம்டா போறோம்?” என்று மகனைக் கேட்டாள்.

கன்னியம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூட்டையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, மகள் தயிர் விற்ற போரூர்ப் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.